தலைமன்னார்த் துறையும் சேவை வாணிகமும்

மதவாச்சியிலிருந்து மேற்கே வரும் புகையிரதப் பாதை மன்னார்த் தீவின் நுனியிலே கடலைக் கண்டு நின்றுவிடுகின்றது. அப்பாற் பழைய துறைமேடையின் எச்சம்; அதற்கும் அப்பாற் கடல்; 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் தனுஷ்கோடி. கடலுக்குள் இறங்கப் பார்க்கும் இப்பாதை யாருக்காக இடப்பட்டது என்று இளைஞர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், இந்நாளிற் பொருளியலறிஞர் கூடிப் பேசும் ‘சேவை வாணிகம்’ என்பதன் இலக்கணம் முழுவதும் அவ்விடத்திலேயே கிடைத்துவிடும்.

பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னை எழும்பூரிற் புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியிற் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கினார். நம் பாட்டனார் காலத்தோர் ‘போட் மெயில்’ என்று வாஞ்சையோடு சொன்னது இதனையே. இங்கே விற்கப்பட்டது யாது? தேங்காயுமன்று, தேயிலையுமன்று. ஒரு மனிதரைப் பத்திரமாக, குறித்த நேரத்தில், ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டு சேர்க்கும் பணியே விற்கப்பட்டது. அதனைக் களஞ்சியத்தில் அடுக்கிவைத்து விலை ஏறும்போது விற்க முடியாது. கப்பல் புறப்பட்டபோது வெறிதாய்க் கிடந்த ஆசனம் என்றைக்கும் விலைபோகாத ஆசனமே. சேவைக்கும் பண்டத்திற்கும் உள்ள முதல் வேற்றுமை இது.

1964 டிசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. 1980களிற் கலவரம் மூண்ட காலத்தில் அதுவும் நின்றது. 1990இற் புகையிரதமும் நின்றுபோயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 2015 மார்ச்சிலே புகையிரதம் தலைமன்னாருக்கு மீண்டது, கப்பல் மீளவில்லை. ஏன் மீளவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அதற்குமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். திருக்கேதீச்சரத்தை அடுத்த மாதோட்டம் பண்டைக்காலத்தில் இலங்கையின் பெருந்துறைகளுள் ஒன்று. 1980களில் அங்கே நடந்த அகழ்வாராய்ச்சியிற் சீனக் கலங்களும் மேற்காசியக் கலங்களும் அருகருகே வெளிப்பட்டன. இவை மாதோட்டத்தார் வனைந்தவையல்ல. கீழைக் கடலின் வணிகரும் மேலைக் கடலின் வணிகரும் பண்டம் மாற்றிக்கொள்ள ஓரிடம் வேண்டியிருந்தது. அவ்விடத்தை மாதோட்டம் அளித்தது. மணல் திட்டுக்களுக்கிடையே வழிகாட்டும் மாலுமியும், நிறுப்போரும், பண்டசாலைக் காவலரும், மொழிபெயர்ப்போரும் இன்றி அத்தகைய துறை நடந்திருக்க இயலாது. கொழும்புத் துறைமுகம் இந்நூற்றாண்டில் இந்தியாவுக்குரிய பெட்டகங்களைக் கப்பல் மாற்றிக் கொடுத்துப் பொருளீட்டுவதும் அதே தொழிலே.

உலக வர்த்தகத் தாபனம் 1995 சனவரியில் உருவானபோது, சேவை வாணிகத்திற்கென ஒரு பொது ஒப்பந்தமும் அதனோடு நடைமுறைக்கு வந்தது. அவ்வொப்பந்தம் சேவை எல்லை கடக்கும் வழிகளை நான்காக வகுக்கின்றது. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே இலண்டன் நிறுவனமொன்றின் கணக்கை ஓர் இளைஞர் கணினியில் எழுதி அனுப்பினால், சேவை மட்டும் கடக்கின்றது. திருக்கேதீச்சரத்திற்கோ மடுவுக்கோ வெளிநாட்டிலிருந்து யாத்திரிகர் வந்தால், கொள்வோர் கடக்கின்றார். அந்நிய வங்கி கொழும்பிற் கிளை திறந்தால், முதல் கடக்கின்றது. நான்காவது, பணிசெய்வோர் தாமே கடந்து செல்வது. இதனை நம்மவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வியையும் கணக்கறிவையும் கைம்முதலாகக் கொண்டு மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் சென்று, ‘மலாயன் பென்சனியர்’ என்ற பெயரோடு ஊர் மீண்டவர்கள் இந்நான்காம் வழியின் முன்னோடிகள். அக்காலக் கல்லூரிகள் பலவற்றின் கட்டடங்களிலே அவர்கள் அனுப்பிய பணமும் கலந்திருக்கின்றது.

பண்டங்களின் வாணிகத்திற்குத் தடை சுங்கவரி. பேச்சுவார்த்தையில் அதனை நூற்றுக்குப் பத்து, இருபது என்று குறைத்து எழுதிவிடலாம். சேவைக்கோ சுங்கச்சாவடி இல்லை. தடை முழுவதும் சட்டத்திலும் விதியிலும் உறைகின்றது. அனுமதிப்பத்திரம் எத்தனை மாதத்திற் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, எந்தப் பட்டம் செல்லும், யாருக்கு விசா என்பவையே அங்குச் சுவர்களாய் நிற்பன. ஆகவே சேவை பற்றிய பேச்சுவார்த்தை வெளிநாட்டிலே பாதியும் சொந்த நாட்டின் கந்தோர்களிலே பாதியுமாக நடைபெற வேண்டியது. உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் அப்பொது ஒப்பந்தம் ஒரு சலுகை தந்துள்ளது: எந்தத் துறையைத் திறப்பதென்று ஒரு நாடு தன் அட்டவணையில் எழுதுகின்றதோ அதனை மட்டுமே திறக்கும், அதனையும் நிபந்தனையோடு எழுதலாம். 2021 டிசெம்பரில் 60க்கு மேற்பட்ட நாடுகள் ஒன்றுகூடி, அனுமதி வழங்கும் முறைகளைத் தெளிவாக வெளியிடுவதற்கும் காலந்தாழ்த்தாது முடிவு சொல்வதற்கும் விதிகள் வகுத்துக்கொண்டன. சிறிய நாட்டுக்கு இவ்விதிகள் பெரிய சந்தையைக் காட்டிலும் பெறுமதியுடையன என்பது நம் கருத்து.

சீர்திருத்தம் முன்னே சென்றால் என்ன விளையும் என்பதற்குத் தொலைபேசி சான்று. ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலத்தை நம்மிற் மூத்தோர் மறந்திரார். 1991இற் புதுச் சட்டம், 1997இற் சிறீ லங்கா ரெலிக்கொம் நிறுவனத்திற் பிறநாட்டு முதல், 2002இல் அதன் வெளிநாட்டு அழைப்புத் தனியுரிமையின் முடிவு என்று படிப்படியாக வழி திறந்தது. கணினித் தொழில் அவ்வழியே வளர்ந்தது. போர் நடந்த வடபகுதிக்கு அதன் பயன் பிந்தியே வந்தது.

இனி நம் கடலுக்கு வருவோம். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசெம்பரிற் செய்துகொண்ட தடையற்ற வாணிக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது; அது பண்டங்களுக்கு மட்டும் உரியது. சேவையையும் முதலீட்டையும் சேர்த்து எழுதப்பட்ட விரிந்த உடன்படிக்கை 2008இற் கைச்சாத்தாகும் நிலைக்கு வந்து நின்றுவிட்டது. 2016இல் வேறு பெயரோடு பேச்சு மீண்டும் தொடங்கியபோது வைத்தியரும் பொறியியலாளரும் கணினித் தொழிலாளரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெரிய அயல்நாட்டிலிருந்து ஆட்கள் திரண்டு வந்து தம் பிழைப்பைக் கவர்வர் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம். வருவோரின் தகைமையை அளந்து பதிவு செய்யும் சபை இல்லாத நாட்டில் கதவைத் திறக்க அஞ்சுவது இயல்பே. பொறியியலாளரைப் பதிவு செய்யும் சபைக்கான சட்டமே 2017இற்றான் நிறைவேறியது. வாயிற்காவலனை நியமியாமல், வாயிலைத் திறப்பதா மூடுவதா என்று இருபது ஆண்டு வழக்காடினோம். அவ்வழக்கினிடையே நம் பிள்ளைகளின் பட்டங்கள் மறுகரையிற் செல்லுமா என்ற கேள்வியை ஒருவரும் உரக்கக் கேட்கவில்லை.

கப்பலைப் பொறுத்தவரை ஒப்பந்தத்திற்குக் குறைவில்லை. 2011இல் இரு அரசுகளும் கைச்சாத்திட்ட புரிந்துணர்வு உடன்படிக்கையில் தூத்துக்குடி–கொழும்பு, இராமேசுவரம்–தலைமன்னார் ஆகிய இரு வழிகளும் எழுதப்பட்டன. முதல் வழியில் அவ்வாண்டு யூனிற் கப்பல் ஓடியது. சில மாதங்களில் நின்றது. இரண்டாம் வழியிற் பத்தாண்டுகள் கழிந்த பின்னும் கப்பல் வரவில்லை. ஆழங்குறைந்த கடலுக்கேற்ற கப்பல் வேண்டும், துறைமேடை வேண்டும், சுங்கமும் குடிவரவும் மருத்துவச் சோதனையும் ஒரே கூரையின் கீழ் இயங்க வேண்டும், பருவக்காற்று வீசும் மாதங்களின் நட்டத்தை யார் தாங்குவது என்பது தீர்க்கப்பட வேண்டும். ‘போட் மெயில்’ காலத்தில் இவையெல்லாம் இரு கரையிலும் ஒரே நேரசூசிக்கு அடங்கி நடந்தன. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய கப்பலும் சில நாள்களிலே நின்று, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மீண்டது. பருவக்காற்றுக் கையெழுத்துக்கு அடங்குவதில்லை.

தலைமன்னாருக்குக் கப்பல் வருமாயின், அதன் ஊதியம் யாரைச் சேரும் என்பதையும் முன்கூட்டியே சிந்தித்தல் நன்று. வங்காலைச் சரணாலயத்திற்கு வரும் பூநாரைகளையும், மன்னார்க் கோட்டையையும், பெருக்கு மரங்களையும் காண வருவோர் உளர். கேதீச்சரப் பெருமானை வழிபட வருவோர் அவரினும் பலர். அவர்களை ஏற்றி இறக்கவும், தங்கவைக்கவும், மூன்று மொழியில் வழிகாட்டவும் பழகிய இளைஞர் மன்னாரில் இல்லையாயின், அப்பணிகளையும் கொழும்பிலிருந்து வருவோரே செய்வர். மன்னாருக்குப் புழுதி மிஞ்சும். விடுதி முகாமை, படகு செலுத்தல், கணக்கு, சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றை அவ்வூரிலேயே கற்பிக்கும் வகுப்புகள் கப்பலுக்கு முன்னே தொடங்கப்பட வேண்டும். வெளிநாடுகளிற் சேவைத் தொழில்களில் உயர்ந்திருக்கும் நம் பழைய மாணவர் இதற்குத் தரக்கூடியது பணம் மட்டுமன்று. விடுமுறையில் வந்து ஒரு மாதம் கற்பித்தாலும் போதும்.

2015இற் பாதை மீளத் திறக்கப்பட்டபோது, கடலோர நிலையத்திற்கு வேறு பெயர் சூட்ட எவரும் எண்ணவில்லை. ‘தலைமன்னார்த் துறை’ என்ற பழைய பெயரே அதற்கு இடப்பட்டது.