கிடுகுக் கூரைக்குத் தீக்காப்பு

வவுணதீவு போன்ற படுவான்கரைக் கிராமங்களில் சமையலறைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் வயல் வாடிக்கும் கிடுகும் இலுக்கும் இன்றும் கூரையாகின்றன. செலவு குறைவு, வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் கச்சான் வீசும் கோடையில் ஒரு தீப்பொறி போதும். 2004 ஜூலை 16 அன்று தமிழ்நாட்டின் கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் மூண்ட தீ ஓலைக் கூரைக்குத் தாவியதில் 94 பிள்ளைகள் மாண்டனர்.

ஓலை எவ்வாறு எரிகிறது? சூடேறும்போது அதிலுள்ள செலுலோசு சிதைந்து, எரியும் வாயுக்களை வெளிவிடுகிறது. சுவாலையாக எரிவது அவ்வாயுக்களே. அமோனியம் பொஸ்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய ஓலையில் தீப்பட்டால், அவ்வுப்பு அமிலமாக மாறி, செலுலோசிலிருந்து நீரைப் பிரித்து அதைக் கரியாக்குகிறது. இதனால் வாயு குறைகிறது. கரிப்படை உள்ளேயுள்ள ஓலையைக் காக்கிறது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலும் தீயை மட்டுப்படுத்தும்.

ஆயினும் இவை நீரில் கரைபவை. மாரி மழை இவற்றைக் கழுவிச் சென்றுவிடும். சோளம், கரும்பு ஆகியவற்றிலிருந்து செய்யப்படும் தாவரப் பிளாஸ்ரிக்கும் எரியக்கூடியதே. அதை உருக்கும்போது, எளிதில் கரையாத அமோனியம் பொலிபொஸ்பேட்டை உள்ளேயே கலந்துவிடுகிறார்கள். ஓலைக்குள் அவ்வாறு கலக்க முடியாது; மேலேதான் பூசவேண்டும்.

இந்தியாவின் ரூர்க்கி நகரிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு மண்சாந்தையே பயன்படுத்தியது. வைக்கோற் துண்டுகள் கலந்து ஊறவைத்த மண்ணுடன், மண்ணெண்ணெயில் இளக்கிய தாரைச் சேர்த்துப் பிசைந்து, இறுக்கமாக வேய்ந்த கூரையின் மேலும் கீழும் பூசுவது அதன் முறை. மண் தீயையும் காற்றையும் தடுக்கும். தார் மண்ணை மழையில் கரையவிடாது.

கவனிக்க வேண்டியவை:

1. தார் உருக்கி அனுபவமுள்ள ஒருவரின் துணையுடனேயே இதனைச் செய்க. தாரை அடுப்பிலிருந்து இறக்கி, தீயில்லாத இடத்திற்குக் கொண்டுசென்று, சூடு தணிந்த பின்னரே மண்ணெண்ணெய் சேர்க்கவேண்டும்.

2. பூச்சு நன்கு உலர்ந்து மண்ணெண்ணெய் வாடை நீங்கும்வரை கீழே அடுப்பு மூட்டக்கூடாது.

3. மண்பூச்சு பாரமானது. வளையும் கைமரமும் அதைத் தாங்குமா என முதலில் பார்க்கவும்.

4. ஆண்டுதோறும் மாரிக்கு முன் வெடிப்புகளை அடைக்கவும்.

பூசிய கூரையும் பெருந்தீயில் எரியலாம். ஆனால் அது மெதுவாகவே பற்றும். உறங்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறவும், கட்டிய மாட்டை அவிழ்த்துவிடவும் அந்தச் சில நிமிடங்கள் உதவும். முதலில் அடுப்புள்ள கூரையிலிருந்து தொடங்குங்கள்.