ஒரு காலடியின் விலை

மலைச்சரிவில், ஈரப் பாறைகளுக்கும் மரவேர்களுக்கும் நடுவே, இருபுறமும் எல்லை குறித்த ஒரு குறுகிய பாதை. நடந்து போனால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். அதன் ஓரத்தில் ஒரு நடுவர் நிற்கிறார். மோட்டார் சைக்கிளில் வருபவர் எங்கும் கால் ஊன்றாமல் அந்தப் பாதையைக் கடக்க வேண்டும். ஒரு முறை கால் தரையில் பட்டால் 1 புள்ளி அபராதம், இரண்டு முறை பட்டால் 2, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் 3. கீழே விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ பாதையை முடிக்காவிட்டாலோ 5. ஒரு முறைகூடக் கால் படாவிட்டால் 0. நாள் முழுவதும் இப்படிப் பல பாதைகளைக் கடந்தபின் யாருடைய கணக்கில் அபராதம் மிகக் குறைவோ, அவரே வென்றவர். பாதைக்குள் வேகத்துக்குத் தனியே எந்தப் பரிசும் கிடையாது. ட்ரையல்ஸ் எனப்படும் இந்த விளையாட்டு பிரிட்டனில் வளர்ந்து, ஸ்பெயினின் கட்டலோனியாவில் தன் இரண்டாவது தாய்வீட்டைக் கண்டது. 1975 முதல் உலக சாம்பியன் பட்டமும் இதற்கு உண்டு.

ட்ரையல் என்றால் சோதனை. மோட்டார் சைக்கிளே புதுமையாக இருந்த காலத்தில், இந்த வண்டி மேடு ஏறுமா, மழையிலும் சேற்றிலும் போய்ச் சேருமா என்று பார்ப்பதற்காக நடத்தப்பட்ட நம்பகத்தன்மைச் சோதனைகளிலிருந்து பிறந்தது இந்த விளையாட்டு. ஸ்காட்லாந்தில் 1909-ல் ஐந்து நாள் போட்டியாகத் தொடங்கி, 1911-ல் ஆறு நாளாக விரிந்த ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல்’ இன்றும் மே மாதத்தில் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு நடக்கிறது. முதலில் சோதிக்கப்பட்டது வண்டி. ஓட்டுபவரின் திறமை பிறகுதான் கணக்கில் வந்தது. இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டால் ஓர் உண்மை தெளிவாகும். ட்ரையல்ஸில் பராமரிப்பும் ஓட்டுதலும் ஒரே திறமையின் இரு பாதிகள். பாறையின் மேல் கிடைக்கும் புள்ளியில் ஒரு பங்கு, முந்தைய நாள் மாலை ஒர்க்‌ஷாப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஏன் இப்படி? காரணம் வேகக் குறைவு. பந்தயச் சாலையில் பாயும் வண்டிக்கு அதன் வேகமே ஒரு துணை. சிறு பள்ளத்தையும் எஞ்சினின் சிறு தடுமாற்றத்தையும் அந்த வேகம் விழுங்கிவிடும். ட்ரையல்ஸ் வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில் நகர்கிறது. சில இடங்களில் நின்றேவிடுகிறது. உருளும் சக்கரம் தரும் சமநிலை அங்கே மிகக் குறைவு. ஆக்சிலேட்டர் கேபிள் கொஞ்சம் பிசகினாலும், கிளட்ச் ஒரு கணம் வெட்டிப் பிடித்தாலும் அந்தக் குலுக்கல் நேரே பின்சக்கரத்துக்குப் போகிறது. ஈரக் கல்லின் மேல் சக்கரம் அரை சுற்று வழுக்குகிறது. கால் கீழே இறங்குகிறது. ஒரு புள்ளி போய்விட்டது. ஸ்காட்லாந்துப் போட்டியில் ஒரு நாளைக்குச் சுமார் 30 பாதைகள், ஆறு நாளில் ஏறத்தாழ 180. முன்னணியில் இருப்பவர்கள் ஒரு நாளில் இழப்பது சில புள்ளிகளே என்பதால், பிசகிய ஒரு கேபிளே பல இடங்களைப் பின்னுக்குத் தள்ளப் போதும்.

வண்டியின் உருவமும் இந்தத் தேவையைச் சுற்றியே அமைந்தது. இன்றைய ட்ரையல்ஸ் வண்டியின் எடை 70 கிலோவை ஒட்டியது. உட்கார இருக்கை கிடையாது, நின்றபடியேதான் ஓட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க்கில் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். எஞ்சினின் அடிப்பாகம் தரையிலிருந்து ஓர் அடிக்கும் மேலே இருக்கும், அதற்குக் கீழே ஒரு தடித்த அலுமினியத் தகடு காவல் காக்கும். ஹேண்டில்பாரை இருபுறமும் மிக அதிகமாகத் திருப்பலாம். எல்லாவற்றையும்விட வியப்பானது டயர்க் காற்று. நம் ஊரில் பைக் டயருக்கு 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை காற்றடிக்கிறோம். ட்ரையல்ஸ் வண்டியின் பின்டயரில் இருப்பது சுமார் 4 பி.எஸ்.ஐ. மட்டுமே. கையால் அழுத்தினால் உள்ளே போகும் அந்த மிருதுவான டயர் கல்லின் வடிவத்தைத் தழுவிக்கொண்டு ஏறுகிறது. இங்கே அரை பி.எஸ்.ஐ. கூடினாலும் குறைந்தாலும் பிடிப்பு மாறும். பெட்ரோல் பங்க்கில் உள்ள சாதாரண மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது என்பதால், ஓட்டுபவர்கள் தனியாக ஒரு சிறு மீட்டரைக் கையோடு வைத்திருக்கிறார்கள்.

பராமரிப்பின் முதல் பாடம் சுத்தம். சேற்றில் ஓடிய வண்டியைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் வாட்டர் சர்வீஸ் குழாயை நேராக பேரிங்குகள் மேல் பிடித்தால், தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியேற்றிவிடும். சில வாரங்களில் துரு பேசத் தொடங்கும். பின் ஷாக் அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் நெம்பு பாகங்கள் சேற்றுக்கு மிக அருகில் இருப்பவை. அவற்றை அவ்வப்போது கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைக்காவிட்டால் அந்த மூட்டுகள் இறுகிப்போகும். அப்போது சக்கரம் கல்லைப் பின்தொடராமல் கல்லின் மேல் குதிக்கும். அடித்தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் அடைந்துகொள்ளும் சேற்றை எடுக்காமல் விட்டால் வெப்பம் வெளியேறாது. மெதுவாக ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. அதிலுள்ள விசிறி ஒன்றே கதி. அந்த விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்ச் போன்ற அந்தப் பொருளை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, அதற்கென்றே உள்ள ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். ஒட்டும் தன்மையுள்ள அந்த ஆயில்தான் தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெட்ரோலில் 1 முதல் 2 சதவீத ஆயில் கலக்கிறார்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவை மாற்றக் கூடாது. கிளட்ச் பிளேட்டுகள் கியர் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. ட்ரையல்ஸில் கிளட்ச்சை நாள் முழுவதும் பாதி பிடித்தபடியே ஓட்டுவதால் பிளேட்டுகள் தேயும் துகள் அந்த ஆயிலில்தான் சேர்கிறது. அரை லிட்டரை ஒட்டிய அளவே உள்ள ஆயில் சீக்கிரம் கெட்டுப்போகும். கெட்ட ஆயிலில் கிளட்ச் ஒட்டும், பிறகு வெட்டிப் பிடிக்கும். பின்டயரிலும் கூர்மை முக்கியம். அதன் கட்டைகளின் விளிம்பு மழுங்கிவிட்டால், டயரைக் கழற்றித் திசை மாற்றிப் போட்டு, தேயாத விளிம்பை வேலைக்குக் கொண்டுவருவார்கள். கிளட்ச், பிரேக் லிவர்களின் பிடியை முழுவதும் இறுக்காமல் வைப்பதும் ஒரு நுட்பம். விழுந்தால் லிவர் சுழன்றுகொடுக்கும், உடையாது.

இவ்வளவும் செய்தபின்தான் ஓட்டுதல் வருகிறது. அங்கும் அவசரத்துக்கு இடமில்லை. ஓட்டுபவர் முதலில் அந்தப் பாதையை நடந்து பார்க்கிறார். எந்தக் கல் அசைகிறது, எங்கே ஈரம், முன்சக்கரம் எங்கே ஏற வேண்டும், பின்சக்கரம் எந்த வழியாக வரும் என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார். பிறகு முழங்கால்களைத் தளர்த்தி நின்றபடி, ஒரே விரலால் கிளட்ச்சையும் ஒரே விரலால் பிரேக்கையும் பிடித்து நகர்கிறார். எஞ்சினைச் சீராக ஓடவிட்டு, சக்கரத்துக்கு எவ்வளவு விசை போக வேண்டும் என்பதைக் கிளட்ச்சால் அளக்கிறார். திரும்பும்போது வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடலை வெளிப்பக்கம் வைத்து, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டில் எடையை ஏற்றுகிறார். வண்டியின் எடை 70 கிலோ, ஓட்டுபவரின் எடையும் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே அவர் உடலை நகர்த்தும்போது மொத்த எடையில் பாதி நகர்கிறது. ஓட்டுபவரின் உடலே வண்டியின் மிகப் பெரிய நகரும் பாகம் என்றால் அது மிகையில்லை. அந்த உடல் அனுப்பும் நுண்ணிய செய்தியை வண்டி சிதறாமல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். கிரீஸும் ஆயிலும் சரியான காற்றும் அதற்காகத்தான்.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சிகளில் ஒன்று தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கு அறிந்த பெயர்: புல்லட். 1948-ல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பின்சக்கரத்துக்கு ஸ்ப்ரிங் வைத்த 350 சிசி புல்லட்டின் மாதிரி வண்டிகளை இங்கிலாந்தின் கோல்மோர் கப் ட்ரையலில் இறக்கியது. பின்பக்கம் அசையாத இறுகிய சட்டகமே சேற்றில் நல்ல பிடிப்புத் தரும் என்று அன்றைய ஓட்டுநர்கள் பலர் நம்பினார்கள். புல்லட் அந்த நம்பிக்கையை அசைத்தது. 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றார். சக்கரம் தரையை விடாமல் பின்தொடர்ந்தால்தான் பிடிப்பு என்ற பாடம் நிலைத்தது. அதே புல்லட் 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கியது நாம் அறிந்த கதை. இன்னொரு சாட்சி வட அயர்லாந்தின் சாமி மில்லர். கனமான ஏரியல் வண்டியின் எடையைத் தானே பாகம் பாகமாகக் குறைத்து, அதில் 1962-லும் 1964-லும் அதே போட்டியை வென்றார். பிறகு ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்தோடு சேர்ந்து 90 கிலோவை ஒட்டிய எடையில் ஷெர்பா என்ற வண்டியை உருவாக்கினார். அந்நிறுவன வண்டியில் 1965, 1967, 1968 ஆண்டுகளிலும் வென்றார். ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் ஒரே மனிதர் யோசித்ததன் பலன் அது.

பராமரிப்புக்கு இவ்வளவு பங்கு உண்டு என்பதை மறுப்பவர்களிடம் வலுவான ஒரு பெயர் இருக்கிறது. கட்டலோனியாவின் டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் 18 முறை உலகப் பட்டம் வென்றார். அவரைப் போன்றவர் எந்த வண்டியைக் கொடுத்தாலும் வெல்வார், திறமைதான் எல்லாம் என்பது அவர்கள் வாதம். சாதாரண ஓட்டுநரோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். பழைய வண்டியிலும் போவ் நம்மைத் தோற்கடிப்பார். ஆனால் அவருக்கு நிகரானவர்களோடு மோதும்போது நிலைமை வேறு. அங்கே திறமை ஏறத்தாழ சமமாகிவிடுவதால், மிச்சமிருக்கும் சிறு வித்தியாசங்களே முடிவைச் சொல்கின்றன. அதனால்தான் உலகத்தரப் போட்டியாளர்களின் வண்டிகளை மெக்கானிக்குகள் ஓயாமல் பிரித்துக் கோக்கிறார்கள். திறமை கூடக் கூட, வண்டியின் சிறு குறையையும் உணரும் சக்தி கூடுகிறது. வீணைக் கலைஞர் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் சுருதி சேர்ப்பது, அவருக்கு வாசிக்கத் தெரியாததால் அல்ல.

இயற்கையின் பேரில் எழும் எதிர்ப்பு இதைவிடக் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மலையும் ஓடையும் மோட்டார் சைக்கிளுக்கான இடமா? குறைந்த காற்றும் ஆழமில்லாத நெருக்கமான கட்டைகளும் கொண்ட ட்ரையல்ஸ் டயர், வேகமான மண்பாதைப் பந்தயமான மோட்டோகிராஸின் டயர் அளவுக்கு மண்ணைக் கிளறுவதில்லை. வேகமும் இல்லை. ஆனாலும் பாசியும் ஓடைக் கரையும் ஒரே இடத்தில் நூறு வண்டிகளைத் தாங்காது என்பதும் உண்மை. அதனால் நில உரிமையாளரின் அனுமதி, குறித்த பாதை, குறித்த நாள் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த விளையாட்டு நடக்கக் கூடாது. ஸ்காட்லாந்துப் போட்டி நூறாண்டு கடந்தும் நடப்பதற்கு அந்த அனுமதியே அடித்தளம். புகையும் சத்தமும் இல்லாத மின்சார ட்ரையல்ஸ் வண்டிகளுக்கு 2017-ல் உலக அளவில் தனிக் கோப்பை தொடங்கப்பட்டது நம்பிக்கை தரும் செய்தி. இங்கும் பராமரிப்பு அறத்தோடு சேர்கிறது. சைலன்சரைச் சரியாக வைத்திருப்பதும், ஆயில் கசியாமல் பார்த்துக்கொள்வதும் மலைக்குச் செய்யும் மரியாதை.

நமக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. இந்த வண்டி விலை கூடியது, நம் ஊரில் அரிது, சாலையில் ஓட்டவும் ஏற்றதல்ல. மூன்றும் சரி. ஆனால் இந்த விளையாட்டு கற்றுத்தரும் பாடத்துக்கு அந்த வண்டி தேவையில்லை. இரு சக்கர வண்டியைக் கையாள்வதில் கடினமானது மெதுவாக ஓட்டுவதே. நெரிசலில், சந்தில், மழை பெய்த மண்சாலையில் பலர் தடுமாறுவது அங்கேதான். ஆளில்லாத மைதானத்தில் ஹெல்மெட் அணிந்து, கிளட்ச்சாலும் பின் பிரேக்காலும் வேகத்தை அளந்து, நடை வேகத்தில் வட்டமடித்துப் பழகினால் எந்த வண்டியும் நம் சொல் கேட்கும். அதோடு மாதம் ஒருமுறை ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செயின் தொய்வைக் கையால் தொட்டுப் பாருங்கள். கேபிள் இறுகுகிறதா என்று கவனியுங்கள். டயர்க் காற்றை மட்டும் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே வையுங்கள், 4 பி.எஸ்.ஐ. பாறைக்கு மட்டும்தான். வண்டியைத் தன் கையால் துடைத்துப் பார்த்தவருக்கு, அது சாலையில் தரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பொருள் தெரியும். ஓட்டக் கற்றுக்கொள்வதன் பாதி அதுதான். மறுபாதிக்கு ஒரு காலி மைதானமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.