வாழைத்தார் அறுவடையும் பூஞ்சண அழுகலும்

வாழைப்பழப் பூஞ்சண அழுகல் என்பது வெட்டப்பட்ட வாழைத்தாரின் காம்பிலும் காய்களின் தோலிலும் பூஞ்சைகள் வளர்ந்து, விற்பனைக்கு முன்னரே பழத்தைக் கெடுத்துவிடும் நிலையைக் குறிக்கும். மென்மையான தோலுடைய பழங்கள் அனைத்திற்கும் இச்சிக்கல் உண்டு எனினும், காவிரிப் படுகையில் இது பெரிதும் வாழையைச் சார்ந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தின் பாபநாசம் வட்டம் நெல்லுக்கே பெயர் பெற்றது. ஆயினும் ஆற்றோரப் படுகை நிலங்களில் வாழையும் பயிரிடப்படுகிறது. (பொருநை ஆற்றங்கரையில் உள்ள பாபநாசம் வேறு ஊராகும்.) ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நீர் பாய்ச்சி, காற்றுக்கு முட்டுக் கொடுத்துக் காத்த தார், வெட்டிய பின்வரும் ஒரே வாரத்தில் விலையிழக்கக்கூடும். எனவே அறுவடை நாளின் கவனம் உழவருக்கு முதன்மையானதாகும்.

நோய் உண்டாகும் முறை

பழத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் கடையில் தொற்றியவை என்று கருதுவது இயல்பு. உண்மையில் தொற்று பெரும்பாலும் தோட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கொலட்டோட்ரைக்கம் மியூசே என்னும் பூஞ்சை காய்ந்த இலைச் சருகுகளிலும், பூமடல்களிலும், காய் நுனியில் ஒட்டியிருக்கும் பூவின் எச்சங்களிலும் வாழ்கிறது. மழைத்துளி தெறிக்கும்போது அதன் வித்துகள் பச்சைக் காயின் மேல் படிந்து முளைக்கின்றன. முளைத்த வித்து தோலில் ஒட்டிக்கொண்டு, காய் பழுக்கும் வரை வளராமல் உறங்குகிறது. பச்சைத் தோலில் உள்ள வேதிப்பொருட்கள் அதனைத் தடுத்து வைத்திருப்பதாக விளக்குவர். காய் பழுத்து மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும்போது பூஞ்சை விழித்துக்கொள்கிறது. வெட்டும்போது குற்றமற்றதாகத் தெரிந்த தார் மண்டியில் கறுத்துப் போவதன் காரணம் இதுவே. இந்த இழப்பிற்கு உழவரும் வணிகரும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொள்வதில் பொருளில்லை.

இப்பூஞ்சையின் புள்ளிகள் சற்றுக் குழிந்து, நடுவில் இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிற வித்துத்திரள்களுடன் காணப்படும். நன்கு கனிந்த பழத்தில் இயல்பாகத் தோன்றும் தட்டையான பழுப்புப் புள்ளிகள் நோயல்ல.

தாரும் சீப்பும்

மற்றொரு வகையான சீப்படி அழுகல், வெட்டுக்காயத்தின் வழியே நுழைவதாகும். கொலட்டோட்ரைக்கம், லாசியோடிப்லோடியா, பியூசேரியம் முதலிய பல பூஞ்சைகள் இதில் கூட்டாகச் செயல்படுகின்றன. சீப்பின் அடி கறுத்து மென்மையாகி, காய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

இந்நோயின் வரலாறு கருதத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அயல்நாட்டு ஏற்றுமதியில் குரோ மிசேல் என்னும் வகை முழுத் தாராகவே கப்பலேறியது. பனாமா வாடல் நோயால் அவ்வகை அழிந்து, எளிதில் நசுங்கும் கேவண்டிஷ் வகை அதன் இடத்தைப் பிடித்தபோது, சீப்புகளாக வெட்டிப் பெட்டியில் அடைக்கும் வழக்கம் பரவியது. ஒவ்வொரு சீப்பிலும் ஒரு புதுக்காயம் உண்டானதால் சீப்படி அழுகலும் பெருகியது. தமிழ்நாட்டின் உள்ளூர் வணிகத்தில் முழுத் தாராக விற்பது பழமைப்போக்கு என்று சிலரால் கருதப்படினும், கடைசி நாள் வரை வெட்டுக்காயங்களைத் தள்ளிப்போடும் நன்மை அதற்கு உண்டு. மறுபுறம், வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது காய்கள் உராய்வதால் அந்நன்மையின் ஒரு பகுதி வீணாகிறது.

அறுவடை

குலை தள்ளியதிலிருந்து மூன்று முதல் நான்கு மாதங்களில், வகைக்கும் பருவத்திற்கும் ஏற்ப, தார் முற்றுகிறது. காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டையாவது இதன் அடையாளம். தொலைவுச் சந்தைக்கு முக்கால் முற்றலில் வெட்டுவர்.

இப்பணிக்கு இருவர் தேவை. ஒருவர் மரத்தின் நடுவில் சிறிது வெட்டி அதனை மெல்லச் சாய்க்க, மற்றவர் தாரைத் தோளில் தாங்கிக்கொள்வார். தார்க்காம்பைச் சற்று நீளமாக விட்டு வெட்டினால் அழுகல் முதல் சீப்பை அடைய நாளாகும். தாரை வெறும் மண்ணில் வைக்காமல், நிழலில், பச்சை இலை பரப்பி அதன்மேல் வைத்தல் வேண்டும். அரிவாளைக் கழுவித் துடைப்பதும் வடியும் பாலைக் காய்மேல் படவிடாததும் சிறு செயல்களே. பலரும் தவறவிடுவதும் இவற்றைத்தான்.

மழை பெய்யும்போதோ பனி உலரும் முன்னரோ வெட்டுவது தவிர்க்கப்பட வேண்டும். ஆனால் டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிப்பதால், தீபாவளிச் சந்தைக்கு வெட்டுவோருக்கு எப்போதும் காய்ந்த நாள் வாய்ப்பதில்லை. அத்தகைய ஆண்டுகளில் முன்கூட்டியே சருகுகளை அகற்றி, காய் நுனிப் பூக்களைக் கிள்ளிவிடுவதே பெரிய காப்பாகும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலின்போது மரங்கள் சாய்ந்ததைப் போன்ற நிலையில், இளந்தார்களுக்கு இம்முறைகள் எவையும் உதவா.

வெட்டிய பின்

சீப்பாகப் பிரித்தால், தூய நீரில் கழுவிப் பாலை நீக்கி, வெட்டுவாயை உலரவிடுவர். மேற்கிந்தியத் தீவுகளில் படிகாரக் கரைசல் இதற்குப் பயன்பட்டது. பெனோமைல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் முன்பு உலகெங்கும் பரவலாகப் பயன்பட்டன. பூஞ்சைகள் அவற்றை எதிர்க்கும் திறன் பெற்றன. இந்தியாவில் பெனோமைல் 2018ஆம் ஆண்டு ஆணையால் தடை செய்யப்பட்டது. 1993இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழையின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தையும் ஆராய்கிறது.

மூடிய அறையில் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது பழைய வழக்கம். புகையிலுள்ள எத்திலீனும் வெப்பமும் காயைப் பழுக்கச் செய்கின்றன. ஆனால் காற்றோட்டமற்ற வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்கும் உகந்தவை. கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயுவைப் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் இசைவளித்தது.

வீட்டில் தாரைக் கயிற்றில் தொங்கவிடுவது, காய்கள் தரையில் அழுந்தாமல் காற்றுப் பெற உதவும். ஏறத்தாழ 13 பாகை செல்சியஸுக்குக் கீழே வாழைக்காய் குளிரால் பாதிக்கப்படுகிறது. ஆகவே குளிர்பெட்டியில் வைத்த பழத்தின் தோல் கறுப்பது பூஞ்சணத்தால் அன்று. பெரும்பாலும் உள்ளிருக்கும் சதை உண்ணத்தக்கதாகவே இருக்கும்.