சல்லடை அல்லாத சல்லடை

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை அகற்றி, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் சஸ்திர சிகிச்சையை இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1960-களில் நிலைநாட்டிய ஜான் சார்ன்லி, தம் முறையால் ஊனமுற்றோர் எழுந்து நடப்பதைக் கண்டு மகிழ்ந்த அதே காலத்தில், நூற்றுக்கு ஏழு பேர் வரையில் கிருமி தொற்றி அவதியுறுவதையும் கண்டார். கருவிகள் நீராவியில் சுத்தி செய்யப்பட்டிருக்க, கைகள் உறைக்குள் இருக்க, கிருமி வந்த வழி எது என்று ஆராய்ந்தவரின் சந்தேகம், எவரும் கழுவ முடியாத ஒரு பொருளின்மீது விழுந்தது. அந்தப் பொருள் காற்று.

மனித தேகம் இடைவிடாமல் மிக நுண்ணிய தோல் செதில்களை உதிர்க்கிறது. அவற்றின்மேல் ஏறிக்கொண்டு பாக்டீரியாக்கள் அறையெங்கும் பிரயாணம் செய்கின்றன. ஆகவே நோயாளிக்குத் துணைநிற்கும் மருத்துவரும் தாதியருமே, தம்மை அறியாமல், அபாயத்துக்கும் காரணமாகிறார்கள்.

இந்த அபாயத்தைத் தடுக்கும் சாதனம் வேறொரு தேவையினின்று பிறந்தது. 1940-களில் அமெரிக்காவின் அணு ஆயுத முயற்சியில் ஈடுபட்டவர்கள், கதிரியக்கத் தூசி காற்றில் கலவாதிருக்க விருத்தி செய்த காகிதமே இன்றைய ஹெப்பா வடிகட்டிக்கு மூலம். இக்காலத்தில் அது பெரும்பாலும் கண்ணாடி இழைகளால் ஆகி, விசிறிபோல் மடித்து மடித்துச் சட்டத்தில் அடைக்கப்பட்டிருக்கும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் பத்தாயிரம் வந்தால் மூன்றுக்குமேல் அதைக் கடக்கலாகாது என்பது விதி. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்தால், அந்த விதியின் கடுமை விளங்கும்.

இதைச் சல்லடை என்று எண்ணுவது இயல்பு, ஆனால் பிழை. சல்லடையில் சிறியது நழுவும், பெரியது தங்கும். இங்கோ மிகச் சிறியதும் அகப்படுகிறது. ஆயிரங்கால் மண்டபம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பெரும் பாரத்தைச் சுமந்து வேகமாக வருகிறவன் திரும்ப இயலாமல் தூணில் மோதுகிறான். நடுத்தர உடம்புக்காரன் வளைந்து சென்றும் தோள் உரசி நிற்கிறான். ஒரு நிலையில் நில்லாமல் இங்குமங்கும் ஓடும் குழந்தையோ, உருவத்தில் சிறிதேயாயினும், எப்படியும் ஏதாவதொரு தூணில் முட்டிக்கொள்கிறது. இழைகளுக்கிடையே துகள்களின் கதியும் இதுவே. மோதுவதற்குக் கனமும், உரசுவதற்குப் பருமனும், அலைவதற்கு நுண்மையும் போதாமல், இடைநிலையில் உள்ள 0.3 மைக்ரான் அளவை ஒட்டிய துகளே பிடிப்பதற்கு அரியது. அதனால்தான் பரீட்சைக்கு அதை அளவாகக் கொண்டார்கள்.

வடிகட்டிய காற்றும் அறைக்குள் சுழன்றால், கிடந்த தூசியைக் கிளப்பிவிடும். 1960-களின் தொடக்கத்தில், ஆல்புகெர்க்கியிலுள்ள சாண்டியா ஆய்வகத்தின் விஞ்ஞானி வில்லிஸ் விட்ஃபீல்டு, வடிகட்டிகளினின்று வரும் காற்று ஒரே சீராக அறையைக் கடந்து தரையிலுள்ள இடைவெளிகளின் வழியே வெளியேறும்படி அமைத்து, தூசி எழும் கணமே அகற்றப்படும் தூய அறையைச் சமைத்தார். இன்று மின்னணுச் சில்லுகளும் ஊசி மருந்துகளும் உருவாவது அத்தகைய அறைகளிலேயே.

சார்ன்லியும் வடிகட்டிய காற்றின் பிரவாகத்தில் சிகிச்சை செய்து, வேறு முன்னெச்சரிக்கைகளையும் கைக்கொண்டு, தொற்றை நூற்றுக்கு அரையாகக் குறைத்தார். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளைக் கொண்டு 1982-இல் வெளிவந்த ஆய்வு, சாதாரண அறையில் 1.5 சதவீதமாக இருந்த ஆழ்ந்த தொற்று, மிகத் தூய காற்றுள்ள அறையில் 0.6 ஆக இருந்ததைக் காட்டியது. ஆயினும், முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுப்பது வழக்கமாகிவிட்ட பிற்காலத்தில் அந்த வேறுபாடு தெளிவாகத் தென்படவில்லை; உலக சுகாதார நிறுவனமும் மூட்டு மாற்றுச் சிகிச்சையில் தொற்றைக் குறைப்பதற்கென்று இச்சீர்ப் பிரவாக முறையை ஏற்கவேண்டாம் என 2016-இல் ஆலோசனை கூறியது. இதனால் வடிகட்டி வீண் என்று ஆகிவிடாது. எலும்பு மஜ்ஜை மாற்றப்பெற்று எதிர்ப்பு சக்தியின்றிக் கிடப்பவரை அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துக்களினின்று காப்பதற்கு அது இன்றும் அவசியமே. அவரது அறையில் காற்றழுத்தம் வெளியைவிட மிகுந்திருக்கவேண்டும். காசநோயாளியின் அறையிலோ, அவர் மூச்சு பிறரைச் சேராதபடி, குறைந்திருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வடிகட்டியை வாங்கி மாட்டியதோடு கடமை தீர்ந்துவிடாது. சட்டத்துக்கும் கூரைக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டை சரியாகப் படிந்திருக்கிறதா என்று, நுண்துளிப் புகையைச் செலுத்தி, விளிம்பு முழுவதையும் கருவியால் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் தொழிலாளியின் சிரத்தையில்தான் அதன் பயன் நிலைபெறுகிறது. மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளி, தான் சுவாசிக்கும் காற்றைத் தானே சோதித்துக்கொள்ள முடியாது. அவருக்காக வேறொருவர்தான் சோதிக்கவேண்டும். அந்த விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும், 0.3 மைக்ரானுக்குக் காவல் வைத்தவர்கள் 70 மைக்ரானுக்கு வாசலைத் திறந்து வைத்தவர்களாவார்கள்.