பொரி உருண்டையும் 'டங்' சத்தமும்

போன கார்த்திகைக்கு நான் பிடித்த பொரி உருண்டைகள் மறுநாளே நமுத்து, தட்டில் சரிந்து கிடந்தன. ஊரிலிருந்த அம்மா போனில் கேட்டது ஒன்றுதான்: "பாகைத் தட்டுல போட்டுப் பாத்தியா? டங்குனு சத்தம் வந்துச்சா?"

சத்தத்துக்கும் நமுப்புக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்தான். பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும். பாகு அடர்த்தியாக ஆக, அதன் கொதிநிலையும் ஏறும். அதாவது, பாகின் சூட்டை வைத்தே மிச்சத் தண்ணீரைக் கணக்கிடலாம். சர்க்கரைப் பாகு என்றால் 115 டிகிரி செல்சியஸ் வாக்கில் மெத்தென்று உருளும்; 125 வாக்கில் கெட்டியாகிவிடும், தண்ணீர் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நான் அவசரப்பட்டு முன்னாடியே இறக்கிவிட்டேன். மிச்சத் தண்ணீரைப் பொரி குடித்துவிட்டது.

இந்த வருஷம் 5 கப் பொரிக்கு 1 கப் வெல்லம், கால் கப் தண்ணீர். கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டேன். தெர்மாமீட்டரில் 118. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, போனுக்குப் பக்கத்தில் தட்டில் போட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்றார் அம்மா. 126-இல் மறுபடி போட்டேன்.

"டங்."

"இறக்கிடு. கையில அரிசி மாவு தொட்டுக்கிட்டு, ஆறுறதுக்குள்ள பிடி."

இந்தத் தடவை நாலு நாளாகியும் மொறுமொறுப்பு போகலை.