களத்துமேட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்

தை, மாசியில் பேராவூரணிப் பக்கம் நெல் தார்ச்சாலையில்தான் காய்கிறது. இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் அதிகம். 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். சரி, உங்கள் ஊர்க் களம் எங்கே?

களம், மேய்ச்சல் நிலம், தோப்பு, வண்டிப்பேட்டை, சுடுகாட்டுப் புறம்போக்குகள் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 134-ம் பிரிவின்படி கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை. (பேராவூரணி பேரூராட்சி, இது சுற்றுக் கிராமங்களுக்கு.) போரடிப்பு நின்றதால் களம் சும்மா கிடப்பதாக நினைத்துக் கட்டடத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காயவைக்கத்தான் இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆக்கிரமித்தவரிடமே விலை வாங்கிக்கொள்ளலாம் என்பதும் எடுபடாது. பஞ்சாபின் ரோகர் ஜாகிர் கிராமத்தில் குளத்து நிலத்துக்கு ஆட்சியர் அப்படித்தான் உத்தரவிட்டார். 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் களத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஜனவரி 26 கிராம சபை சம்பா அறுவடை நேரத்தில்தான் வருகிறது. உலர்களம் கேட்டு, புல எண்ணோடு மனுக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.