சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதுமா?

தென்காசி மாவட்டத்தில், பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மத்தளம்பாறை. உலகமெங்கும் விற்பனையாகும் மென்பொருளை உருவாக்கும் சோஹோ நிறுவனம் 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தது. ஆனால் இந்த வட்டாரத்து மேசைகளில் இருக்கும் கணினிகள் எல்லாம் புதியவை அல்ல. காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற பாவூர்சத்திரத்தில் பில் போடவும், கல்யாணப் பத்திரிகை அடிக்கவும், ஸ்டுடியோவில் படம் திருத்தவும் பழைய பெட்டிகளே போதும் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. பேஜ்மேக்கர் மென்பொருளில் பழகிய கை சுலபத்தில் வேறொன்றுக்கு மாறாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவைப் பொதுவாக முடித்துக்கொண்டது மைக்ரோசாஃப்ட். அதன்பின் பழுது பார்க்கும் கடைகளில் ஒரு பழைய கேள்விக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது: “பெட்டி அப்படியே இருக்கட்டும், பிராசஸரை மட்டும் மாத்திக்கலாமா அண்ணாச்சி?”

கேள்விக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. 1980-களின் பிற்பகுதியிலேயே இன்டெல் நிறுவனம் ‘இன்போர்டு 386’ என்ற அட்டையை விற்றது. ஐ.பி.எம். கணினியின் விரிவாக்கத் துளையில் அதைச் செருகி, பழைய பிராசஸர் இருந்த இடத்துக்கு ஒரு கேபிள் இழுத்தால், பழைய பெட்டிக்குள் 386 வேலை செய்யும். அதைவிடப் பிரபலமானது 1995-இல் வந்த பென்டியம் ஓவர்டிரைவ். 486 கணினி வைத்திருந்தவர்கள் முழுப் பெட்டியையும் தூக்கிப் போடாமல் பென்டியத்துக்கு மாற அது வழி சொன்னது.

அதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. 486 போர்டுகள் பலவும் 5 வோல்ட் கொடுத்தன. பென்டியம் ஓவர்டிரைவுக்கு உள்ளே வேண்டியது 3.3 வோல்ட். அதனால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றைச் சில்லோடு சேர்த்தே வைத்தார்கள். இரண்டாவது சிக்கல், தரவு போய்வரும் பாதையின் அகலம். பென்டியத்துக்கு 64 பிட் பாதை பழக்கம். 486 போர்டில் இருந்தது 32 பிட்தான். திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதை 2012-இல் அகலப்பாதையாவதற்கு முன், மீட்டர்கேஜாக இருந்த காலத்தில், அகலப்பாதை ரயிலில் வந்த சரக்கைச் சந்திப்பில் இறக்கி மீட்டர்கேஜ் வண்டியில் மாற்றித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த நிலைதான் இந்தச் சில்லுக்கும். ஈடுகட்ட, சாதாரண பென்டியத்தில் 16 கிலோபைட்டாக இருந்த உள் கேஷ் நினைவகத்தை 32 கிலோபைட்டாக்கினார்கள். மேலே உள்ள விசிறி நின்றுபோனால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் எல்லா 486 போர்டிலும் அது ஓடவில்லை. எந்தெந்தக் கணினிகளில் ஓடும் என்று இன்டெல்லே பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறையில் ‘ஸ்லாட்கெட்’ வந்தது. பென்டியம் 2 காலத்துப் போர்டுகளில் பிராசஸரை நீளவாக்கில் ஒரு துளையில் நிறுத்துவார்கள். பின்னர் வந்த செலரான், பென்டியம் 3 சில்லுகளோ சதுர சாக்கெட்டுக்கானவை. இரண்டுக்கும் பாலம் போட்ட சிறிய அட்டைதான் ஸ்லாட்கெட். 1999 இறுதியில் வந்த ‘காப்பர்மைன்’ வகை பென்டியம் 3-க்கு 1.6 வோல்ட் அளவே போதும். பழைய போர்டுகள் சிலவற்றால் அவ்வளவு குறைத்துத் தர முடியவில்லை. பவர்லீப் போன்ற நிறுவனங்கள் அட்டையிலேயே மின்னழுத்தச் சீராக்கியைப் பொருத்தி அதையும் சமாளித்தன.

அட்டைகளின் காலம் போய்விட்டது. ஆனால் அவை சந்தித்த மூன்று தடைகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன: சாக்கெட், மின்சாரம், பயாஸ். சாக்கெட் கண்ணுக்குத் தெரிவதால் வாங்குபவர்கள் அதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள்.

2004-இல் வந்த எல்.ஜி.ஏ. 775 சாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். பென்டியம் 4-உம் அதில்தான் உட்காரும், 2006-இல் வந்த கோர் 2 டுயோவும் அதில்தான் உட்காரும். ஆனால் இன்டெல் 915 சிப்செட் போர்டில் கோர் 2 டுயோவை வைத்தால் ஓடாது. 2015-இல் வந்த எல்.ஜி.ஏ. 1151-இலும் இதே கதை. ஆறாம், ஏழாம் தலைமுறைச் சில்லுகளுக்கான போர்டில் எட்டாம் தலைமுறையைப் பொருத்தலாம் என்று நினைத்தவர்களுக்கு, அதற்கு 300 வரிசை சிப்செட் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தொடுமுனைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். மின் இணைப்பு வேறு.

பயாஸ் என்பது போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். புதுச் சில்லை அடையாளம் காண அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எச்61 போர்டில் இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 இருந்தால், மூன்றாம் தலைமுறை ஐ5-க்கு மாறும் முன், பழைய சில்லு உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். 2017-இல் முதல் ரைசனோடு வந்த போர்டுகளுக்கும், ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் 2022-இல் கிடைத்தது.

அட்டை யுகத்தின் வாரிசு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது ஒரு ஸ்டிக்கர். சர்வர்களிலிருந்து கழித்துக்கட்டிய எல்.ஜி.ஏ. 771 சியான் சில்லுகளின் அடியில் அந்த ஸ்டிக்கரை ஒட்டினால் இரண்டு தொடுமுனைகள் இடம் மாறும். சாக்கெட்டின் ஓரப் பற்களைச் சீவிவிட்டால் 775 போர்டில் சில்லு உட்கார்ந்துவிடும். பயாஸ் ஒத்துழைத்தால் குறைந்த செலவில் நான்கு கோர் கிடைக்கும். பிளேடு ஒரு மில்லிமீட்டர் தவறினால் போர்டு போய்விடும்.

இத்தனை பாடுபட்டு என்ன லாபம் என்பதையும் கணக்குப் போட வேண்டும். ஜி31 போர்டில் கோர் 2 டுயோவை எடுத்துவிட்டு கோர் 2 குவாட் போடுவதாக வைத்துக்கொள்வோம். 65 வாட் கேட்ட இடத்தில் 95 வாட் போகும். பழைய பவர் சப்ளை தாங்க வேண்டும். ரேம் 4 ஜி.பி.க்கு மேல் அந்தப் போர்டு ஏற்காது, ஆகவே பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் பழைய திணறல்தான். விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்குவழியில் ஏற்றலாம் என்றாலும், 24எச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகள் கோர் 2 சில்லுகளில் கிடையாது. எந்தக் குறுக்குவழியும் அங்கே செல்லாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுவது இவற்றைவிட எளிது, வித்தியாசமும் உடனே தெரியும்.

மடிக்கணினியில் வழி இன்னும் குறுகல். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால், முதல் கணினியே மடிக்கணினியாக அமைந்த வீடுகள் ஏராளம். இன்டெல்லின் ஐந்தாம் தலைமுறை முதல் மடிக்கணினிச் சில்லுகளைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். கழற்றி மாற்ற இடமில்லை. அவற்றுக்கு ரேம், எஸ்.எஸ்.டி., லேசான லினக்ஸ் ஆகியவைதான் வழி. அத்திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது.

மேசைக் கணினிக்குத்தான் பிராசஸர் மாற்ற வேண்டும் என்று முடிவானால், சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. போர்டின் பெயரோடு அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘ரெவ்’ எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் வந்த போர்டுகளுக்கே ரெவ் 1.0-க்கு ஒரு பட்டியல், 2.0-க்கு வேறு பட்டியல் என்று தயாரிப்பாளர்கள் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிராசஸருக்கு நேரேயும் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று எழுதியிருக்கும். வாங்கப்போகும் சில்லின் எண் அதில் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.